மூணு வருஷத்து நோ பார்க்கிங்

போக்குவரத்துக் காவல் அலுவலகம் ஒன்றின் சலான் கவுன்டர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் ஏட்டு, ஒரு கம்ப்யூட்டர், ஒரே பக்கம் பார்த்துச் சுற்றும் ஃபேன். பெஞ்சில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள். ஹெல்மெட் இல்லை, சிக்னலில் நிற்கவில்லை. என்ன கேஸ் என்றுகூடப் படிக்காமல் போனை நீட்டிப் பணத்தைக் கட்டிவிட்டு, வந்த வேகத்தில் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் கட்டுவதற்கு வரவில்லை.

எழுபதைத் தாண்டியிருப்பார். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஆக்டிவாவைப் பக்கத்துத் தெருவில் பால் போடும் பையனுக்கு விலை பேசியிருக்கிறார். பெயர் மாற்றப் போன இடத்தில் சலான் பாக்கி என்று வண்டியை நிறுத்திவிட்டார்கள். நோ பார்க்கிங், 500 ரூபாய். வாங்க வந்த பையன் வாசற்படியில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இது 2023 ஜனவரியில நடந்ததாம். எனக்குத் தெரிஞ்சது போன வாரம்."

"அப்பவே மெசேஜ் வந்திருக்கும் சார்."

"வரலையே."

ஏட்டு மானிட்டரைக் கொஞ்சம் திருப்பினார். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கடைசி நாலு எண்ணை வாய்விட்டுப் படித்தார். "இது என் நம்பரே இல்லையேம்மா."

பெஞ்சில் ஒருவர் விஷயம் தெரிந்தவராகச் சிரித்தார். வண்டி எடுக்கும்போது ஓடிபி வர வசதியாக இருக்கட்டும் என்று ஷோரூம் பையனே தன் நம்பரைப் போட்டுவிடுவது ஊரறிந்த சங்கதி. ஆக, அரசாங்கம் சொல்லத்தான் சொல்லியிருக்கிறது. அந்தப் பையன் இப்போது எந்த வேலையில் இருக்கிறானோ, அவன் விற்ற வண்டிகளின் பாவமெல்லாம் இன்னும் அவன் போனில்தான் வந்து விழுந்துகொண்டிருக்கும்.

பெரியவர் அடுத்துப் பையிலிருந்து எடுத்தது ஒரு பழைய டைரி. ரப்பர் பேண்டைக் கழற்றி, அடையாளத்துக்குச் செருகியிருந்த பஸ் டிக்கெட்டை நகர்த்தி, கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். 18 ஜனவரி, புதன். நீல மையில், சாய்ந்த எழுத்தில், ‘காலை 11. கீழ்க் கடைவாய்ப் பல் எடுத்தது. 800.’

"வண்டி அங்கதாம்மா நின்னுது. நான் இல்லேன்னு சொல்லலை."

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்கும் வியப்புதான். வழக்காட வருகிறவன் தனக்கு எதிரான சாட்சியைத் தானே சுமந்து வருவானா? 2022 அக்டோபரில்தான் தமிழ்நாட்டில் அபராதங்களை ஏற்றினார்கள். அதற்கு முன் இந்தக் குற்றத்துக்கு நூறு ரூபாய். பல்வலி மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் கணக்கே வேறு.

"ஆனா போர்டு எங்க இருந்தது? அதைக் காட்டுங்க."

சலானில் இடம் என்ற கட்டத்தில் வெறுமனே ‘ஆற்காடு ரோடு’ என்று இருந்தது. கோடம்பாக்கத்தில் தொடங்கி வடபழனி, வளசரவாக்கம் தாண்டிப் போரூர் வரை போகிற ரோடு. அந்த வருஷம் மெட்ரோ வேலைக்காக அதைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஏட்டு படத்தைத் திறந்தார். வண்டியின் பின்பக்கம், நம்பர் பிளேட், ஓரமாகத் தகரத் தடுப்பு, இளநீர் மட்டைக் குவியல், யாரோ ஒருவரின் முழங்கை. பெரிதாக்கப் பெரிதாக்க நம்பர் கட்டம் கட்டமாக உடைந்ததே தவிர, போர்டு வரவில்லை.

"பக்கத்துல இருந்திருக்கும் சார்."

"இருந்திருக்கும்னா எப்படிம்மா?"

ஜெராக்ஸ் ஒன்றை நீட்டினார். கேமராவில் பிடித்த குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிற 167ஏ விதி, 2021 ஆகஸ்டில் வந்தது. ஓரத்தில் யாரோ பென்சிலால் 468 என்று எழுதி வட்டமிட்டிருந்தார்கள்.

"அது இப்ப 514 சார்" என்றார் பெஞ்சிலிருந்த இளம் வக்கீல், போனிலிருந்து தலை தூக்காமலே.

2024 ஜூலையில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் மாறின, சரக்கு மாறவில்லை. அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்தை ஆறு மாதம் கடந்தபின் கோர்ட் விசாரணைக்கு எடுக்கக் கூடாது, தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தாலொழிய. நல்ல சட்டம்தான். ஆனால் கெடு கோர்ட்டுக்குத்தானே? கோர்ட்டையே மிதிக்காத சலானுக்கு வயசே ஏறுவதில்லை. கம்ப்யூட்டருக்குள் கிடந்தபடி, வண்டியை விற்கும் நாளுக்காகக் காத்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முந்தைய அரைமணி நேரத்தை நினைவில் வைத்திருக்கும் வேலை மட்டும் வண்டிக்காரன் தலையில். எல்லாரும் டைரி எழுதுகிறார்களா என்ன?

வாசலில் நின்ற பையன் பொறுமையிழந்து உள்ளே வந்தான். "ஐயா, ஐந்நூறுதானே. நான் கட்டிடுறேன், விடுங்க."

"நீ ஏன்டா கட்டணும்?" பெரியவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "பல்லு உன்னுதா?"

ஃபேனுக்கு மேலாக ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. ஏட்டுக்கும் உதடு கோணியது. அவரும் என்ன செய்வார்? சலானை எழுதியது அவரில்லை, அழிக்கும் அதிகாரமும் அவரிடம் இல்லை. "மனு எழுதிக் குடுங்க சார், ஏசி சாருக்கு வைக்கிறேன்" என்றார்.

மனு தயாராகவே இருந்தது, இரண்டு பிரதி. ஒன்றில் சீல் குத்தி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகும் பெரியவர் நகரவில்லை. சீல் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எப்பம்மா பதில் தெரியும்?"

"மெசேஜ் வரும் சார்."

"எந்த நம்பருக்கு?"

ஏட்டு மனுவைத் தட்டிலிருந்து திரும்ப எடுத்தார். "சொல்லுங்க, எழுதிக்கிறேன்."