நிஜ முத்து

முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்னைத் தூத்துக்குடியில் இறக்கிவிட்டபோது சட்டைப்பையில் மனைவி எழுதிய சீட்டு இருந்தது. 'ஒரு ஜோடி முத்துத் தோடு. நிஜ முத்து.' நிஜத்துக்கு அடியில் இரண்டு கோடு.

பழைய துறைமுகப் பக்கம் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் மெள்ள விசாரித்தேன். "அதெல்லாம் 1961-லயே முடிஞ்சு போச்சு தம்பி. எங்க அய்யா கல்லுல கால வச்சு முங்குவாரு. மேல கயித்தப் பிடிக்கது யாரு? எங்க தாய்மாமன். மச்சினன் கையிலதான் கயித்தக் குடுக்கணும். கூடப் பொறந்தவ தாலி அறுந்துரக் கூடாதுல்லா!"

என் மச்சினன் கையில் என் கயிறு... அந்த வெயிலிலும் லேசாகக் குளிர்ந்தது.

இப்படி உயிரைக் கயிற்றில் கட்டி அவர்கள் எடுத்து வந்த பொருள் என்ன தெரியுமோ? சுண்ணாம்பு. சத்தியமாக! கால்சியம் கார்பனேட். அந்தச் சிப்பியையே சூளையில் சுட்டு நீற்றினால் சுவருக்கு வெள்ளையடிக்கலாம்.

அப்புறம் மினுமினுப்பு எங்கிருந்து வந்தது? சுண்ணாம்பில் அது இல்லை. நடுவே ஒட்டும் சொற்பப் புரதப் பசையிலும் இல்லை. சிப்பி அடுக்குகிற விதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வில்லையும் சுமார் மில்லிமீட்டரில் 2000-ல் ஒரு பங்கு கனம். கிட்டத்தட்ட ஒளியின் அலைநீளம். அடுக்குக்கு அடுக்கு பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் அந்த ஜாலத்தைச் செய்கிறது. ஒரே ஒரு வில்லையைப் பிரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கண்ணுக்கே தெரியாது. வீட்டில் உதை நிச்சயம்.

பி.காமில் இதை குட்வில் என்பார்கள். கம்பெனியை வாங்குகிறவன் மேஜை, நாற்காலி, சரக்கு எல்லாம் கூட்டி, கடனைக் கழித்து, அதற்கும் மேலே கொடுக்கிற தொகை. "அது எந்த நாற்காலியில் சார் இருக்கு?" என்று கேட்டு வகுப்பை விட்டு வெளியே நின்றவன் நான்.

1973-ல் பக்கத்து வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் மணி வைத்து முத்து விளைவித்தார்கள். மனிதன் வைத்தது மணியைத்தான், அடுக்கியது சிப்பி.

கடையில் கிடைத்ததும் வளர்ப்பு முத்துதான். "இது நிஜமா?" என்றேன். "சிப்பி செஞ்சதுதான் அண்ணாச்சி!" வாங்கிவிட்டேன். தற்காப்புக்கு அரை கிலோ மக்ரூனும். (முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி. தனித்தனியாகத் தின்று பாருங்கள், மக்ரூன் வராது.)

வீட்டில் மனைவி தோட்டை முன்பல்லில் தேய்த்தாள். நான் மூச்சை அடக்கி நின்றேன், முங்கினவன் மாதிரி.

"நறநறங்குது" என்றாள். அடுக்குகளின் விளிம்பு! "நிஜம்தான். மக்ரூன் எங்கே?"