புரியைச் சொல்லும் சொற்கள்

பழனி மலைத்தொடரின் பாறைகளில் கடலின் சுவடு கிடையாது. நிலத்தின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய சார்னோகைட் பாறை அது. சிப்பியோ சங்கோ அதனுள் தங்கியிருக்க வழியில்லை. ஆயினும் கோடைக்கானல் ஏரிக்கரைக் கடைகளில் சங்குகளுக்குக் குறைவில்லை. கடற்கரையூர்களிலிருந்து மலையேறி வந்தவை அவை. இலக்கிய மாணவர்களோடு அங்கே சுற்றுலா சென்ற தமிழ்த்துறையினராகிய நாங்கள், அத்தகைய கடையொன்றில் கூம்புச் சங்குகள் நான்கை வாங்கினோம். அன்று மாலை ஒன்றை மட்டும் மாணவர் கையில் கொடுத்து, "இதைக் காணாத ஒருவர் நான்கினுள் இதைத் தேர்ந்தெடுக்குமாறு பத்து வரிகள் எழுதுங்கள்" என்றோம்.

எழுதியவற்றுள் உவமைகளுக்குப் பஞ்சமில்லை. வலை என்றார் ஒருவர், வேய்ந்த கூரை என்றார் மற்றொருவர். எல்லாம் வண்ணமும் கோலமும் பற்றியவை. உடன் வந்திருந்த விலங்கியல் துறை நண்பர் அனைத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "வண்ணம் முழுதும் போய்விட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எழுதுங்கள்" என்றார். அறையில் அமைதி. நெடுநேரம் கழித்து ஒரு மாணவி எழுதிக் காட்டிய வரி இது: 'தோளில் கணுக்கள் இல்லை.' நண்பர் அதன்கீழ்க் கோடிட்டார். மற்ற மூன்றின் தோளிலும் கணுக்கள் இருந்தன.

தொல்லுயிர் ஆய்வாளர் முன் உள்ள சிக்கல் இதுவே. இன்று வாழும் கூம்பு நத்தைகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய வண்ணக்கோலம் பெருந்துணை. புதைபடிவத்திலோ பெரும்பாலும் அது வெளிறிப் போய்விடுகிறது. எஞ்சுவது வடிவம். நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம், உச்சிச் சுருளின் உயரம், தோள் கூர்மையானதா உருண்டதா, புரிகளின் மேற்புறத்தில் வரிப்பள்ளங்கள் எத்தனை, வாய் அடிவரை ஒரே அகலத்தில் செல்கிறதா விரிகிறதா, உச்சியில் உள்ள கருப்பருவச் சுருள் எத்தனை சுற்று: இவற்றை அளந்தும் எண்ணியும் எழுத வேண்டும். முதலில் அது கூம்பு நத்தைதானா என்பதே கேள்வி. வேறு குடும்பத்து நத்தைகளின் இளம் ஓடுகள் கூம்பைப் போலவே தோன்றி ஏமாற்றக்கூடும். உடைந்த ஓடு ஒருவகையில் உதவும். கூம்பு நத்தை வளரும்போது தன் உட்புரிகளின் சுவரைக் கரைத்து மெலிதாக்கிக்கொள்கிறது. உடைப்பில் அந்த மெல்லிய சுவர் தெரியும்.

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்வோருக்கு இந்த வேலை அந்நியமன்று. எது நூலுக்கு உரியது, எது எழுதியவரின் கைப்பிழை, எது செல்லரித்தது என்று அவர்கள் பிரிக்கிறார்கள். உச்சி மழுங்கியிருப்பது இனத்தின் இயல்பா, அலை உருட்டியதால் நேர்ந்ததா என்று இவர் பிரிக்கிறார். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு சொல்ல இருவரும் அஞ்சுவர். எந்த ஊர், எந்த மண்ணடுக்கு என்னும் குறிப்பில்லாத படிவம் முதலேடும் கடையேடும் இழந்த சுவடியே. காலமும் அடையாளத்தில் பாதி. அரியலூர்ப் பகுதியின் புகழ்பெற்ற கிரெட்டேசியஸ் படிவங்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அறியப்பட்ட மிகப் பழைய கூம்பு நத்தைகளோ ஏறத்தாழ 5.5 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டவை. அரியலூரில் கூம்பு வடிவில் ஒன்று கிடைத்தால், அதை வேறு குடும்பத்தில் தேடுவதே முறை.

இழந்த வண்ணத்தை மீட்கவும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். புற ஊதா ஒளியில் சில பழைய ஓடுகள் ஒளிர்கின்றன. முன்பு நிறம் அடர்ந்திருந்த இடங்கள் ஒளிர்வதால், கோலம் நிழற்படச் சுருளில்போல் தலைகீழாகத் தெரிகிறது. டொமினிக்கன் குடியரசின் படிவங்களை இவ்வாறு ஆராய்ந்த ஜொனாதன் ஹென்ட்ரிக்ஸ், 2015இல் 28 இனங்களை விவரித்தார். அவற்றுள் 13 புதியவை.

ஆயினும் எங்களை ஈர்த்தது வேறொன்று. 1930க்குப் பின் வெளியாகும் புதிய விலங்கினப் பெயர் ஏற்கப்பட, அந்த இனத்தை வேறுபடுத்தும் பண்புகள் சொற்களால் கூறப்பட வேண்டும் என்கிறது பன்னாட்டு விலங்கியல் பெயரிடு விதித்தொகுப்பு. படம் மட்டும் போதாது. படம் எவ்வாறு பிறழும் என்பதற்கு ரெம்பிராண்ட் சான்று. 1650இல் அவர் கூம்புச் சங்கு ஒன்றைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். தம் கையொப்பம் அச்சில் நேராக வரும்படி அதைத் திருப்பிச் செதுக்கியவர், சங்கைத் திருப்பவில்லை. அச்சில் அது எதிர்ப்புறமாய்ச் சுழன்றது.

சுழற்சியைச் சொல்வதிலும் உடன்பாடு வேண்டும். உச்சியை மேலே வைத்து, வாய் தம்மை நோக்கியிருக்கப் பார்ப்பது மேலை அறிவியலார் வழக்கம். நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கு, அவர்கள் கணக்கில் இடஞ்சுழி. நம் மரபு சங்கின் மூக்கை மேலே வைத்துப் பார்க்கிறது. இரண்டும் சரியே. எப்படிப் பிடித்துப் பார்த்தோம் என்பதைச் சொல்லாவிட்டால்தான் இரண்டும் பிழை.

தொல்காப்பிய மரபியல் நந்து எனப்படும் நத்தையை ஈரறிவு உயிர்களுள் வைத்தது. நிகண்டுகள் இப்பி, இடம்புரி, வலம்புரி, சலஞ்சலம், பாஞ்சசன்னியம் என வரிசைப்படுத்தின. சுற்றைக் குறிக்கப் 'புரி' என்னும் ஒற்றைச்சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் காரைக்காலில் ஆழ்கிணறு தோண்டியபோது வெளிவந்த தொல்சங்குகளை, 1900 தொடங்கிப் பிரெஞ்சு இதழொன்றில் விவரித்தவர் மொரிஸ் கோஸ்மான். தொழிலால் அவர் ரயில்வே பொறியாளர். நம் கரையின் மண்ணடியில் கிடந்தவற்றுக்கு முதல் சொற்கள் பிரெஞ்சில் அமைந்தன. அவர் உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். குறை சொல்ல ஏதுமில்லை.

ஒரு செய்தியை மட்டும் இங்கே பதிந்துவைக்க விரும்புகிறோம். விலங்கினத்தின் அறிவியல் பெயர் இலத்தீன் எழுத்தில் அமைய வேண்டும் என்று சொல்லும் விதி, விவரணை இன்ன மொழியில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பலரும் அறிந்த மொழியில் சுருக்கம் தருமாறு பரிந்துரைப்பதோடு சரி. தாவரவியலார்க்கு இந்த உரிமை இல்லை. அவர்கள் 2011 வரை இலத்தீனில் எழுதக் கடமைப்பட்டிருந்தார்கள். 2012 முதல் இலத்தீன் அல்லது ஆங்கிலம். விலங்கியலில் தமிழுக்குக் கதவு அடைபடவில்லை. உள்ளே செல்ல ஆள்தான் வேண்டும்.

செல்பவர் உவமையைக் குறைத்துக்கொண்டு, இல்லாததையும் சொல்லப் பழக வேண்டியிருக்கும். 'தோளில் கணுக்கள் இல்லை' என்பது கவிதையன்று. ஆயினும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அது போதுமானதாக இருந்தது.