ஏழுமலைக்கு மூன்று எண்



பெர்த் நகரில் என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். விவரமாகச் சொன்னால் சிரிப்பார்கள். என்னிடம் இரண்டு பட்டியல்கள் வரும். இதில் இருக்கிற ஆளும் அதில் இருக்கிற ஆளும் ஒரே ஆளா, வேறு வேறு ஆளா என்று சொல்ல வேண்டும். பெயர்கள் லட்சக்கணக்கில் இருப்பதால் சொல்வது நானில்லை, நான் எழுதிவைக்கும் நிரல். கோலார் தங்கவயலில் எங்கள் லைனுக்கு வந்துகொண்டிருந்த போஸ்ட்மேன் இதே வேலையை எந்த நிரலும் இல்லாமல் செய்தார். 'ஏழுமலை, சாம்பியன் ரீஃப்' என்று மட்டும் எழுதிய கடிதம் வந்தால், குடியாத்தம் முத்திரையைப் பார்த்து, மகளைக் குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்த ஏழுமலை வீட்டில் போட்டுவிட்டுப் போவார்.

நிரலுக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. அதற்குத் தெரிந்தது எழுத்து மட்டும். ஏழுமலை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வட ஆர்க்காட்டிலிருந்து தங்கம் வெட்ட வந்த குடும்பங்கள் நிறைந்த எங்கள் ஊரில், தெருவுக்கு ஒரு ஏழுமலையாவது இருப்பார். ஆங்கிலத்தில் ஒருவர் 'ழ'வுக்கு இஸட்-எச் போடுவார். இன்னொருவர் எல் போடுவார். மூன்றாமவர் முன்னால் ஒரு ஒய் சேர்த்து எழுதுவார். ஒலியை வைத்துப் பெயர்களை ஒப்பிட சவுண்டெக்ஸ் என்று ஒரு பழைய முறை உண்டு. 1918-ல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸல் என்பவர் காப்புரிமை வாங்கியது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள மெய்களுக்கு எண் கொடுக்கும். நூறு வருஷம் கழித்தும் பெரிய டேட்டாபேஸ்கள் பலவற்றில் குந்தியிருக்கிறது. அதில் நம் ஏழுமலையைப் போட்டால் முதல்வர் இ-254, இரண்டாமவர் இ-454, மூன்றாமவர் ஒய்-454. ஆள் ஒருவர், எண் மூன்று. மூவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று மெஷின் கைகழுவிவிடும்.

எத்தனை எழுத்தை மாற்றினால் ஒரு சொல் இன்னொரு சொல்லாகும் என்று எண்ணிப் பார்ப்பது இதைவிட நல்ல வழி. சோவியத் ரஷ்யாவில் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-ல் வெளியிட்ட கணக்கு அது. (அதே 1965-ல்தான் எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊர்ப் பெருமை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.) லெவன்ஷ்டைன் கணக்கில் எல் போட்டவருக்கும் ஒய் போட்டவருக்கும் தூரம் ஒன்று. எல்லுக்கும் இஸட்-எச்சுக்கும் இரண்டு. பரவாயில்லை, உறவுமுறை தெரிகிறது.

ஆனால் தங்கவயல்காரர்களின் பெயர் பட்ட பாடு ஓரெழுத்து, ஈரெழுத்தோடு நிற்பதில்லை. மைன்ஸில் சேர்ந்த நாளில் கிளார்க்கின் காதில் விழுந்தது முதல் எழுத்துக்கூட்டல். மைன்ஸை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி போய் 1956-ல் மைசூர் அரசு, 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்று முதலாளிகள் மாறினாலும், பதிவேட்டில் ஏறிய பெயர் அநேகமாக அப்படியே கிடந்தது. அடுத்தது ரேஷன் கார்டு. அது கன்னடத்தில். இன்றைய கன்னடத்தில் 'ழ' இல்லை, அது யார் குற்றமும் இல்லை. ஆனால் எழுதுகிறவர் தன் காதுக்குப் பழகியபடி முனுசாமியை முனிஸ்வாமி ஆக்குவார். பாக்கியத்தைப் பாக்யம்மா ஆக்குவார், மரியாதையாகத்தான். மூன்றாவது ஆதார். அங்கே ஆங்கிலமும் கன்னடமும் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றைத் தட்டினால் மற்றதை மென்பொருளே எழுதிக் காட்டும். கியூ நீளமாக இருக்கிற நாளில் அதை யார் திருத்துவார்கள்? பாக்கியம் என்று தமிழில் பிறந்த பெயர் கன்னடத்தில் குளித்துவிட்டு ஆங்கிலத்தில் ஏறும்போது, பி-யில் தொடங்கியது இப்போது எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று அந்தம்மாவுக்கே தெரியாது.

நான்காவது பான் கார்டு. அதன் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், இனிஷியல் கூடாது. நம் ஆட்களுக்குக் கடைசிப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதலெழுத்தை விரித்து அங்கே எழுதுவோம். அதோடு கடல் கடந்தால், அப்பாதான் நாம். எனக்கு வங்கியும் பல் டாக்டரும் அனுப்பும் கடிதங்கள் எல்லாம் என் நைனா பெயருக்குத்தான் 'அன்புள்ள மிஸ்டர்' போட்டு வருகின்றன. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசா கிடையாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சொன்னபோது தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் கைபிசைந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பாட்ரிக் மெக்கென்சி என்ற நிரலாளர் 2010-லேயே, பெயர்களைப் பற்றி எங்கள் தொழிலில் இருக்கும் மூடநம்பிக்கைகளை வரிசையாக எழுதிவைத்தார். எல்லோருக்கும் இரண்டு பெயர் உண்டு, பெயர் மாறாது, ஒரு பெயரை ஒரே விதமாகத்தான் எழுதுவார்கள் என்கிற ரகம். நிரலாளர்களில் அதைப் படிக்காதவர் குறைவு. படித்துத் தலையாட்டிவிட்டு மறுநாள் காலையில் கடைசிப் பெயர் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போடுகிறோம். ஆதாரை எவ்வளவோ குறை சொல்லலாம், ஆனால் முழுப் பெயருக்கு ஒரே கட்டம் என்று அதைத் திட்டமிட்டவர்கள் வைத்தது நல்ல புத்தி.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடியது. அதற்குப் பிறகு பி.எஃப்., பென்ஷன் என்று எதற்குப் போனாலும் இந்த நாலு பெயர்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் லைனில் பெரியவர்கள் நோட்டரி கையெழுத்துப் போட்ட பத்திரங்களை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். இன்னாரும் இன்னாரும் ஒருவரே என்று மனிதன் தானே சத்தியம் செய்ய வேண்டும். அந்தச் சத்தியம் தேவையில்லை என்பதற்கு ஒரு புள்ளிவிவர நியாயம் சொல்கிறேன். 1969-ல் கனடாவில் ஃபெலிகி, சன்டர் என்ற இருவர் எழுதிவைத்தது, என் வேலைக்கு அதுதான் பைபிள். ஒரு விவரம் பொருந்துவதற்கு எவ்வளவு மதிப்பு என்பது அந்த விவரம் எவ்வளவு அரிதானது என்பதைப் பொறுத்தது. தங்கவயலில் இரண்டு ஏட்டில் முனுசாமி என்று பொருந்தினால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. பிறந்த தேதி ஜனவரி 1 என்று பொருந்தினால் மதிப்பே இல்லை, தேதி தெரியாத பெரியவர்கள் எல்லாருக்கும் அதுதான் பிறந்தநாள். ஆனால் முனுசாமி, மனைவி பாக்கியம், நந்திதுர்க் சுரங்கம், வேலையில் சேர்ந்த வருஷம் நாலும் சேர்ந்து பொருந்தினால், எழுத்துக்கூட்டல் எப்படி இருந்தால் என்ன? இதைக் கணக்குப் போடக் கம்ப்யூட்டருக்கு ஒரு கண்ணிமைப்பு போதும். போடச் சொல்லாததுதான் குறை.

பெயரை நம்ப முடியாது என்றால் விரலை நம்பலாமே என்பார்கள். விரலுக்கும் எங்கள் ஊருக்கும் பழைய பகை உண்டு. 1930-ல் சுரங்கக் கம்பெனிகள் தொழிலாளர்களின் கைரேகையை வாங்கிப் பதிவேடு வைக்க முயன்றன. குற்றவாளிகளிடம் எடுப்பதை எங்களிடம் எடுப்பதா என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். அங்கீகாரம் பெற்ற சங்கம் என்று ஒன்று இல்லாத காலம் அது. வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் இந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பள்ளியில் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு சுரங்கத்தில் சீட்டுக் கிழிந்தவன் அடுத்த சுரங்கத்தில் வேறு பெயர் சொல்லிப் பிழைத்துக்கொள்ள முடிந்த உலகத்தில் பொதுப் பதிவேடு என்றால் என்ன அர்த்தம் என்பது அவர்களுக்கு விளங்கியிருக்கும். இன்றைய பாஷையில் சொன்னால், டேட்டாபேஸை இணைப்பதை எதிர்த்துப் போராடினார்கள்.

கைரேகையை வகைப்படுத்தும் முறையே நம் பக்கத்துச் சரக்குதான். கல்கத்தாவில் 1897-ல் கைரேகைப் பிரிவு தொடங்கியபோது கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்கள். பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போயிற்று. அந்த ஹென்றி 1900-ல் ஜோகன்னஸ்பர்க் போலீசை அமைக்கப் போனார். அதுவும் தங்க நகரம். 1906-ல் அந்த ஊர் அடங்கிய டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லாரும் விரல்ரேகை கொடுத்துப் பதிய வேண்டும் என்று அவசரச் சட்டம் வந்து, காந்தியின் சத்தியாகிரகம் அதில்தான் பிறந்தது. 1908 ஆகஸ்ட் 16-ல் பதிவுச் சான்றிதழ்களைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை போனவர்களில் தமிழர்கள் ஏராளம்.

இப்போது விரலைக் கண்ணாடி மேல் வைக்கிறோம். எங்கள் ஆயா, நைனாவின் அம்மா, வாழ்நாள் பூராவும் கல் சுமந்து, சாணி தட்டி, விறகு ஒடித்த கை. ரேகை அங்கங்கே வழித்துவிட்ட மாதிரி இருக்கும். லீவில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு கவுன்ட்டரில் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெஷின் சிவப்பு விளக்குக் காட்டியது. "ஆயா, நல்லா அழுத்தி வை" என்றான் பையன். ஆயா உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தியது. திரும்பவும் சிவப்பு. அழுத்த அழுத்த மேடும் பள்ளமும் நசுங்கி ஒன்றாகிப் படம் கெட்டுப்போகும் என்பதை அந்தப் பையனுக்கு யாரும் சொல்லவில்லை. காய்ந்த விரலில் ஈரத் துணியால் ஒத்தியெடுத்துவிட்டு மெதுவாக வைக்க வேண்டும். மோதிர விரலில் முயன்றபோது பச்சை வந்தது. "இன்னாபா, இந்த விரல் நானு, அந்த விரல் வேற யாரோவா?" என்றது ஆயா. பதில் எனக்குத் தெரியும், அங்கே சொல்ல முடியவில்லை.

பதில் இதுதான். ரேகை முடியும் இடங்களையும் கிளை பிரியும் இடங்களையும் மெஷின் ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடும். ஆம், இல்லை என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் 'ஆம்' என்பதை எங்கள் மாதிரி ஒருவன் முடிவு செய்கிறான். எல்லையை உயர்த்தினால் திருடன் நுழைய மாட்டான், ஆயாவும் நுழையாது. இறக்கினால் இரண்டு பேரும் நுழைவார்கள். கோடிக்கணக்கான வங்கிப் பணத்துக்கு வைக்கிற எல்லையும் அஞ்சு கிலோ அரிசிக்கு வைக்கிற எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தப்பித்தவறி ஒருத்தன் இன்னொருத்தர் அரிசியை வாங்கிக்கொண்டால் நஷ்டம் எவ்வளவு, ஆயா பட்டினி கிடந்தால் நஷ்டம் எவ்வளவு? அதைத் தீர்மானிப்பது கணிதமில்லை. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் நிரலில் எல்லை 0.85 என்றிருந்தது. ஏன் 0.85 என்று கேட்டேன். எடுத்துப் பார்த்த உதாரணத்தில் அப்படி இருந்தது என்றாள். கோபப்பட முடியவில்லை, உலகத்தில் பாதி எல்லைகள் அப்படி வந்தவைதான்.

ஏழை நாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று ஒரு கூத்து நடந்தது. உதவித்தொகை வாங்கியவர்களின் வருஷ வருமானத்தை வருமான வரிக் கணக்கிலிருந்து எடுத்து, இருபத்தாறால் வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதித்தாய், ஆகவே கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்று கம்ப்யூட்டரே நோட்டீஸ் அனுப்பியது. மூன்று மாதம் வேலை செய்து ஒன்பது மாதம் சும்மா இருந்தவனையும் வருஷம் முழுக்கச் சம்பாதித்தவனாகக் கணக்கு வைத்தது. வேலை பார்த்த கடையின் பெயர் ஒரு ஏட்டில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்ததால், ஒரே சம்பளத்தை இரண்டு சம்பளமாகக் கூட்டிய கேஸ்களும் உண்டு. ஏழுமலை கதைதான். பழைய சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து நீ குற்றமற்றவன் என்று நீயே நிரூபி என்றார்கள். லட்சக்கணக்கானவர்களுக்கு இப்படிக் கடன் சுமத்திவிட்டு, 2020-ல் அரசு பணத்தைத் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ராயல் கமிஷன் 2023 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. மெல்லிய புத்தகமில்லை, ஆனால் நிரல் எழுதும் பிள்ளைகள் எல்லாருக்கும் பாடமாக வைக்கலாம்.

சந்தேகமான ஜோடிகளை 'இல்லை' என்று தள்ளாமல் தனியாக ஒதுக்கி, ஒரு மனிதர் பார்த்துச் சொல்லட்டும் என்பதுதான் நான் எங்கள் மேனேஜரிடம் மன்றாடிக்கொண்டிருப்பது. ஃபெலிகியும் சன்டரும் அந்த நடுப் பெட்டியை 1969-லேயே வரைந்துவைத்துவிட்டார்கள். அதில் உட்கார ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும், அதனால்தான் எல்லா நிறுவனத்திலும் முதலில் அந்தப் பெட்டியை எடுத்துவிடுகிறார்கள்.

நம்மூர்ப் பெயர்களுக்கு அந்த வேலையைச் செய்யத் தங்கவயல் ஆட்களை விடப் பொருத்தமானவர்கள் கிடைக்க மாட்டார்கள் என்பது என் கட்சி. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, மார்க்கெட்டில் உருது. முனிஸ்வாமியும் முனுசாமியும் ஒரே ஆள்தான் என்பது காதில் விழுந்தவுடனே தெரிந்துவிடும். விடியலில் மாரிகுப்பத்தில் கிளம்பும் ரயிலில் கூட்டம் கூட்டமாக ஏறி ஒயிட்ஃபீல்டில் இறங்குகிறார்கள். பெரிய பெரிய மென்பொருள் கம்பெனிகளின் வாசலில் செக்யூரிட்டி, உள்ளே ஹவுஸ்கீப்பிங். அவர்களில் நாலு பேரை மாடிக்கு ஏற்றி அந்த நடுப் பெட்டியில் உட்கார வைத்துப் பார்க்கலாம் என்று போன வாரம் மேனேஜரிடம் சொன்னேன். பட்ஜெட் கூட்டம் முடியட்டும் என்றிருக்கிறார்.