பாக்குத் தோப்புக்குள் ஒரு போர்ச்சுகீசிய நகரம்

புனேயில் கடல் இல்லை. இதைக் குறையென்று எந்தப் புனேக்காரரும் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. "கொங்கண் பக்கத்துலதானே இருக்கு? காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாடு கடற்கரையில" என்பார்கள். பேஷ்வாக்களின் குடும்பமே கடலோர ஸ்ரீவர்தனிலிருந்து மலையேறி வந்ததுதான் என்று சரித்திரத்தையும் கூடவே சேர்த்துக்கொள்வார்கள். மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் போதும், சாந்தினி சௌக்கைத் தாண்டி முல்ஷி சாலையில் கார்கள் வரிசை கட்டும். எல்லாரும் செய்வதும் ஒன்றேதான்: காஷித் கடற்கரையில் வாழைப்பழப் படகு, முருடில் ஜஞ்ஜிரா கோட்டைக்கு முன்னால் ஒரு செல்ஃபி, அலிபாகில் மீன் சாப்பாடு.

இந்த மூன்றுக்கும் நடுவில், காரை நிறுத்தாமல் எல்லாரும் கடந்துபோகிற ஊர் ரேவ்தண்டா. அலிபாகுக்குத் தெற்கே 17 கிலோமீட்டர். சாலை ஒரு பழைய மதிலுக்குள் நுழைந்து, கடைத்தெருவில் நாலு திருப்பம் திரும்பி, மறுபக்கம் வெளியே வந்துவிடும். கூகுள் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு நகரத்தையே தவறவிட்டிருப்போம். போர்ச்சுகீசியர்கள் சௌல் என்று அழைத்து, 200 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த கடற்கரை நகரம் இது. சுற்றிலும் மதில், ஒரு பக்கம் அரபிக்கடல், இன்னொரு பக்கம் குண்டலிகா ஆற்றின் முகத்துவாரம்.

தரங்கம்பாடிக்குப் போனவர்களுக்கு இப்படிப்பட்ட ஊர் புதிதல்ல. ஆனால் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கோட்டை அருங்காட்சியகமாக நிற்கிறது, வீதிக்குப் பெயர்ப் பலகை இருக்கிறது, 1792-இல் கட்டிய நகர வாசலுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். ரேவ்தண்டாவில் எனக்குத் தெரிய அப்படியான ஏற்பாடு எதுவும் கண்ணில் படவில்லை. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதே அதனால்தான்.

சொந்தக் கார் இல்லாதவர்கள் ஸ்வார்கேட்டில் அலிபாக் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ மாறலாம். கார் இருந்தால் தாம்ஹிணி மலைப்பாதையில் இறங்கி, கோலாட், ரோஹா வழியாக ஆற்றோடு கூடவே வந்து, சாலாவ் பாலத்தைக் கடப்பது நல்லது. பாலத்தின் மேல் வரும்போதே எதிரே ரேவ்தண்டா இருக்க, இடது பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டு கொர்லாய் மலை தெரியும். இந்த இரண்டையும் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ரேவ்தண்டாவில் முதலில் செய்ய வேண்டியது, மதிலோரம் நடப்பது. இதற்கு டிக்கெட் கிடையாது, வழிகாட்டியும் கிடையாது. கடற்கரைப் பக்கம் போய்விட்டால் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் மதில் நீளமாக ஓடுகிறது. கடற்கரை மணல் கருமையானது. காஷித்தின் வெள்ளை மணலைத் தேடுகிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான். மதிலின் இடுக்குகளில் ஆலமரத்து வேர்கள் இறங்கிக் கற்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மரத்தை வெட்டினால் மதில் விழும், விட்டால் மரம் வளர வளர மதில் பிளக்கும். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் ஒப்பந்தத்தில் நின்றுகொண்டிருக்கிறது சுவர்.

மதிலுக்குள்ளே இன்றைய ஊர் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி 'வாடி' என்று இவர்கள் சொல்கிற தோப்பு: தென்னையும் பாக்கும், ஊடே வெற்றிலைக் கொடியும் வாழையும். பழைய தேவாலயங்களும் மடங்களும் இந்தத் தோப்புகளுக்குள்தான் இடிந்து கிடக்கின்றன. அதனால் சரித்திரம் பார்க்க வேண்டுமானால் யாருடைய வீட்டு வேலியையாவது தட்டியாக வேண்டும். ஒரு வேலிக்கு வெளியே நின்று, "ஆஜி, உள்ளே வரலாமா?" என்று கேட்டேன். பாக்கு காயப்போட்டுக்கொண்டிருந்த கிழவி தலையை நிமிர்த்தவே இல்லை. "வாம்மா, வா. கிணறு இருக்கு, பார்த்து நட" என்றார். கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் மண் வாய்க்காலில் பாக்கு மரங்களின் காலடிக்குப் போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் ஓரிடத்தில் வளைந்து ஒரு கல்தூணைச் சுற்றிப் போனது. தூணின் அடியில் செதுக்கிய பட்டைகள் இன்னும் கூர்மையாக இருந்தன. அதன் மேல் ஒரு மண்வெட்டியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். இது என்ன கட்டடம் என்று ஆஜியைக் கேட்டேன். "ஃபிரங்கி கட்டினது" என்றார். வேறு என்ன சொல்ல வேண்டும்?

தோப்புகளுக்கு மேலே எங்கிருந்து பார்த்தாலும் தலை தெரிகிற கோபுரம் ஒன்று உண்டு. சாத்கணி புருஜ், அதாவது ஏழடுக்குக் கொத்தளம் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். பெயரில் இருக்கும் ஏழும் இப்போது கோபுரத்தில் இல்லை. கொத்தளமும் இல்லை, பிரான்சிஸ்கன் துறவிகளின் தேவாலயக் கோபுரம் அது. அடியில் புல்லுக்குள் பீரங்கிகள் உருண்டு கிடக்கின்றன. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் அவற்றின் மேல் கால் போட்டு உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிடுகிறார்கள்.

போர்ச்சுகீசியர்கள் இங்கே வந்தது சண்டையோடுதான். 1508 மார்ச்சில் இந்த முகத்துவாரத்தில் எகிப்தின் மம்லூக் கடற்படையும் தியூவின் மாலிக் அயாஸும் சேர்ந்து அவர்களைத் தாக்கினார்கள். வைஸ்ராயின் மகன் லோரென்சோ டி அல்மேய்டா இதில் செத்துப்போனார். அவருடைய கப்பல் மீனவர்கள் ஆற்றில் நட்டிருந்த கழிகளில் சிக்கி நகர முடியாமல் போனதாகச் சொல்கிறார்கள். பாலத்திலிருந்து பார்த்தால் அந்தக் கதை நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது. இந்தக் கரையின் கோளி மீனவர்கள் 'டோல்' என்னும் பை வலையைத் தண்ணீருக்குள் அடித்த கம்பங்களில் கட்டி, ஓதம் ஏறி இறங்கும்போது தானாக வந்து விழுகிற பொம்பில் மீனைப் பிடிக்கிறவர்கள். மகனுக்குப் பழிவாங்க அப்பா பிரான்சிஸ்கோ மறு வருடமே தியூவில் ஒரு பெரிய கடற்போர் நடத்தி ஜெயித்தார். இந்தியக் கடல் யாருடையது என்பதைப் பல காலத்துக்குத் தீர்மானித்த போர் அது. அதற்கான காரணங்களில் ஒன்று ரேவ்தண்டாவின் மீன்பிடிக் கழி என்பதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அகமதுநகரின் நிஜாம் ஷாவிடம் அனுமதி வாங்கி 1521-இல் போர்ச்சுகீசியர்கள் இங்கே கோட்டையைத் தொடங்கினார்கள். ஐம்பது வருடம் கழித்து அதே வம்சத்து முர்தஸா நிஜாம் ஷா பெரும்படையோடு வந்து 1570-71-இல் மாதக்கணக்காக முற்றுகையிட்டார்; நகரம் விழவில்லை. நிஜாம் ஷாவின் அதிகாரிகளை ஃபிரங்கிகள் மதுப் புட்டிகள் கொடுத்து மடக்கிவிட்டார்கள் என்று அந்தக் காலத்துச் சரித்திர ஆசிரியர் பெரிஷ்தா எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் நகரத்தை முடித்துவைத்தது புனேதான். பேஷ்வாவின் தம்பி சிமாஜி அப்பா 1739 மே மாதம் வசாய் கோட்டையைப் பிடித்தார். அந்த அடியில் போர்ச்சுகீசியர்களின் வடக்கு மாகாணமே ஆட்டம் கண்டு, 1740-இல் சௌலையும் மராட்டியர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வெற்றிக்கு அடையாளமாக மராட்டியர்கள் தேவாலய மணிகளைக் கழற்றி வந்து கோயில்களில் கட்டினார்கள். புனேயிலிருந்து சாதாரா போகும் வழியில் நஸ்ராபூர் பனேஷ்வர் கோயிலில் அப்படி ஒரு மணி இருக்கிறது: மேலே சிலுவை, கீழே 1683 என்று வருடம். சிவனுக்கு முன்னால் நின்று அதை அடித்துவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் மேலே பார்ப்பதில்லை.

தெற்கே பாலத்தைத் தாண்டினால் கொர்லாய். மலையின் மேல் கோட்டை, அடியில் மீனவர் கிராமம். கோட்டைக்குக் கலங்கரை விளக்கத்துப் பக்கமாகப் படி ஏறலாம். காலை எட்டு மணிக்குள் ஏறிவிட வேண்டும். பிறகு பாறை சுடும். மலை முதுகு ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருக்கிறது. அதன் குறுக்கே சுவருக்குப் பின் சுவர், வாசலுக்குப் பின் வாசல். ஒரு வாசலைப் பிடித்தால் அடுத்த வாசலுக்கு முதலிலிருந்து சண்டை போட வேண்டும். 1594-இல் போர்ச்சுகீசியர்கள் நிஜாம் ஷாவின் ஆட்களிடமிருந்து இதைப் பிடித்தார்கள். கூரையில்லாத தேவாலயம் ஒன்றும், தண்ணீர்த் தொட்டியும், வாசல் நெற்றியில் போர்ச்சுகீசியக் கல்வெட்டும் மிச்சம். நுனியில் நின்றால் மூன்று பக்கமும் கடல். புனேக்காரர்கள் ஜஞ்ஜிராவுக்காக நிற்கும் வரிசையில் பாதி நேரத்தை இங்கே செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

ஆனால் கொர்லாயில் அதிசயம் மேலே இல்லை, கீழே கிராமத்தில் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள், ஏறத்தாழ ஆயிரம் பேர், வீட்டில் பேசுவது போர்ச்சுகீசியத்திலிருந்து பிறந்த ஒரு மொழி. 'கிறிஸ்தி' என்றும், 'நோ லிங்' என்றும் சொல்கிறார்கள். போர்ச்சுகீசியப் படை 1740-இல் கிளம்பிப்போன பிறகும் இவர்கள் விடவில்லை. கிளான்சி கிளெமென்ட்ஸ் என்ற மொழியியலாளர் இங்கே வந்து ஆராய்ந்து 1996-இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். சொற்கள் லிஸ்பனிலிருந்து வந்திருக்கின்றன; வாக்கியத்தின் போக்கு மராத்தியிலிருந்து, வினைச்சொல் கடைசியில். மட்டக்களப்பில் பறங்கியர்கள் தமிழர்களுக்கு நடுவில் காப்பாற்றி வைத்திருக்கும் போர்ச்சுகீசியத்துக்கு இது ஒன்றுவிட்ட தங்கை.

கார்மேல் மாதா கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பெண்மணி தன் பேரனைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொல் புரியவில்லை. திட்டு என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. என்னைப் பார்த்ததும் மராத்திக்கு மாறி, "எங்கேயிருந்து?" என்றார். "புனேயிலேர்ந்து, மௌஷி. சொந்த ஊர் தமிழ்நாடு" என்றேன். "உங்க வீட்டுல எந்தப் பாஷை?" "தமிழ்." "பசங்க பேசுவாங்களா?" இந்தக் கேள்வியை அவர் எதற்காகக் கேட்டார் என்பது தெரிந்தது. புனேயில் வளர்கிற என் வீட்டுப் பிள்ளைகள் ஹிந்தியில் யோசித்துத் தமிழில் பதில் சொல்கிறவர்கள். "பேசுவாங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

சாப்பாட்டை விட்டுவிட முடியாது. பெரிய ரிசார்ட்டுகளைத் தவிர்த்து வீட்டோடு நடத்துகிற கானாவளியைக் கேட்டுப் போங்கள். அரிசி மாவு பாக்ரி, ரவை புரட்டிப் பொரித்த பொம்பில், வஞ்சிரக் குழம்பு, முடிவில் சோல்கடி. கோக்கமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த இளஞ்சிவப்பு நிறத்து சோல்கடியை, நம் வீட்டு ரசத்துக்குப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தி என்று வைத்துக்கொள்ளலாம். பச்சையாக ஒரு வெள்ளை வெங்காயமும் வைப்பார்கள். காரம் கிடையாது, இனிக்கும். அலிபாக் வெள்ளை வெங்காயத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. சாலையோரம் சடை பின்னித் தொங்கவிட்டு விற்பார்கள்.

மாலையில், ரேவ்தண்டாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பழைய சௌல். போர்ச்சுகீசியர்களுக்கு ஆயிரத்தைந்நூறு வருடம் முன்பே கிரேக்க மாலுமிகள் எழுதி வைத்த துறைமுகம் இது. அரபு வணிகர்களுக்கு இது சைமூர். ராமேஷ்வர் கோயில் குளத்தங்கரையும், நிறையப் படிகள் ஏறும் தத்தாத்ரேயர் மலையும் போதும். டிசம்பரில் தத்த ஜயந்தியை ஒட்டிப் போனால் திருவிழாக் கூட்டம். ரேவ்தண்டாவில் பெனே இஸ்ரேல் யூதர்களின் ஜெபக்கூடம் ஒன்றும் உண்டு. செக்கு ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்தியதால் 'ஷனிவார் தேலி' என்று பெயர் வாங்கிய சமூகம். பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1469-இல் ஒரு குதிரையை விற்றுப் பணம் பண்ணலாம் என்று இங்கே வந்து இறங்கிய ருஷ்ய வியாபாரி அஃபனாசி நிகிதின். போகிற இடமெல்லாம் ஜனங்கள் தன் வெள்ளைத் தோலைப் பார்க்கப் பின்னாலேயே வந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். மலையேறி இன்றைய புனே மாவட்டத்து ஜுன்னாருக்குப் போனவரிடமிருந்து அங்கிருந்த கான் குதிரையைப் பிடுங்கிக்கொண்டு, மதம் மாறினால் தருவதாகச் சொன்னார். யாரோ பரிந்து பேசிக் குதிரை திரும்பக் கிடைத்தது. ரேவ்தண்டாவில் அவருக்கு ஒரு நினைவுத்தூண் நட்டிருக்கிறார்கள்.

ஜஞ்ஜிராவுக்குப் போகவே வேண்டாமா என்றால், போங்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகளின் தீவுக் கோட்டை அது. மராட்டியர்களால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை, 1948 வரை தனிச் சமஸ்தானத்தின் அடையாளம். ராஜபுரியிலிருந்து பாய்மரப் படகில் போவதே ஒரு சுகம். படகுக்காரர் கொடுத்த நேரத்துக்குள் ஓடி ஓடிப் பார்ப்பதில்தான் எனக்குப் பிரியமில்லை.

மழைக்காலத்தில் படகுகள் ஓடாது. ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடையும் உண்டு. அப்போது போனால் கானாவளியில் கருவாடுதான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். கருவாடு பிடிக்குமென்றால் ரேவ்தண்டா சந்தையில் உலர்ந்த பொம்பில் வாங்கலாம், ஆனால் மூன்று சுற்றாவது பாலித்தீன் சுற்றச் சொல்லுங்கள். அலிபாகில் புனே பஸ் ஏறியதும் கண்டக்டர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்து வந்தார். என் பையில் வந்து நின்றார். "பொம்பிலா?" என்றார். ஆமாம் என்றேன். "எவ்வளவுக்குக் கொடுத்தாங்க?" விலையைச் சொன்னேன். "ஏமாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.