ஊருணிச் செல்வம்

"தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும், ஐயா?" என்று ஆண்டுதோறும் மாணவர் எம்மை வினவுவதுண்டு. நியாயமான வினாவே, பசித்த வயிற்றுக்குத் தத்துவம் சோறாகாது. வள்ளுவரும் பொருளை இகழ்ந்தவரல்லர். 'பொருள்செயல்வகை'க்கெனத் தனியதிகாரமே வகுத்தார். ஆயினும் 'ஒப்புரவறிதல்' என்னும் 22ஆம் அதிகாரத்தில் அவர் செல்வத்தை உவமித்தது பெட்டகத்துக்கு அன்று. நீர் நிறைந்த ஊருணிக்கும், ஊர் நடுவே பழுத்த மரத்துக்கும், மருந்தாகும் மரத்துக்குமே உவமித்தார். எனவே, எவ்வளவு ஈட்டுவோம் என்பதோடு, அதனை யார் வந்து முகந்து செல்வர் என்றும் கேட்டுப் பாருங்கள் என்போம்.

2018 நவம்பர் 16இல் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. பல்லாண்டு உழைப்பு ஓரிரவில் மண்ணாயிற்று. மின்சாரமின்றி மோட்டார்கள் ஓய்ந்தன. எம் தெருவில் மூதாட்டி ஒருவரின் கிணற்றில் மட்டுமே கயிறும் இராட்டினமும் இருந்தன. தூர்த்துவிடுமாறு பிள்ளைகள் வற்புறுத்தியும் இணங்காதவர் அவர். (குறளை அவர் ஏட்டில் கண்டவரல்லர்.) அந்நாள்களில் அவர் வீட்டுக் கொல்லைக் கதவு சாத்தப்படவேயில்லை. குடத்தோடு தயங்கி நின்றோரிடம், "எறைக்க எறைக்கத்தானே ஊறும், எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

மின்சாரம் மீண்ட பின்னரும் அவ்விராட்டினத்துக்கு எண்ணெயிடத் தெருப்பிள்ளைகள் முறைவைத்துக்கொண்டனர்.