பழம் பொறுக்கி எழுந்தால் கண் இருட்டுவது ஏன்?

ஏற்காடு மலையில் காபிப் பழம் பறித்து முடித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். செடிக்கடியில் சிந்திக் கிடக்கும் பழங்களைப் பொறுக்க வேண்டும். விட்டுவிட்டால் காய்த்துளைப்பான் வண்டு அந்தப் பழத்துக்குள்ளேயே குடியிருந்து, அடுத்த பருவத்துக் காய்க்கு ஏறிவிடும். 1990-ல் நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் முதன்முதலாகத் தென்பட்ட வண்டு அது. அதனால் குத்தவைத்தபடியே, சருகுக்குள் கைவிட்டுத் துழாவி, செடிக்குச் செடி நகர வேண்டும். கஷ்டம் உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. எழும்போதுதான் தெரியும்.

நாகலூர் பக்கத்தில், நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் அப்படித்தான் எழுந்தார். வீட்டுக்குச் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் காபி. அந்த வேலை முடிந்தால் மற்றவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவார். எழுந்ததும் கண் முன்னால் கறுத்து, காது அடைத்தது. பக்கத்திலிருந்த சில்வர் ஓக் மரத்தைப் பிடிப்பதற்குள் சரிவில் உருண்டு இரண்டு செடி தள்ளிப் போய் விழுந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"பித்தம்தான்க்கா, வெறும் வயித்துல இருக்கியா?" என்று கேட்டுவிட்டு, கூட இருந்தவர்கள் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்சம் தெளிந்தது. பித்தம் இறங்கியதால் அல்ல, தண்ணீரும் உப்பும் உள்ளே போனதால். இரண்டு வாரமாகவே எழும்போதெல்லாம் கிறுகிறுத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம்.

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஃபுட் வால்வு சரியாக மூடவில்லை என்றால் குழாயில் ஏறிய தண்ணீர் கீழே இறங்கிவிடும். மோட்டார் ஓடும், மேலே தண்ணீர் வராது. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. உடனே ரத்தக்குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமாக அடித்து, அதை மேலே தள்ள வேண்டும். உடம்பில் நீர் குறைந்திருந்தால் தள்ளுவதற்குப் போதுமான ரத்தம் இருக்காது. சில விநாடி மூளைக்கு ரத்தம் குறைந்து கண் இருட்டுகிறது.

சமவெளியில் சித்திரை வெயிலில் களை எடுப்பவருக்குத் தண்ணீர் குடி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், தையில் பனி மூடிக் கிடக்கும் மலையில், தாகமே எடுப்பதில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் மூட்டை சுமந்து ஏறி இறங்கும் உடம்பு வேர்க்கத்தான் செய்யும். குளிர்காற்றில் அது தெரியாது. குளிருக்குச் சிறுநீரும் கூடுதலாகப் போகும். காலையில் கடுங்காப்பி, மதியம் சோற்றோடு ஒரு டம்ளர் தண்ணீர், பிறகு சாயந்திரம்தான் என்று நாள் ஓடிவிடுகிறது.

தாகம் மட்டும் காரணமில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் விசாரித்தபோது அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தண்ணி குடிச்சா ஒதுங்க எங்க போறது சிஸ்டர்?" தோட்டங்களில் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. சிறு விவசாயியின் தோட்டத்துக்கு வருகிற பெண்ணின் சங்கடத்தை அந்த விவசாயிதான் யோசிக்க வேண்டும். நான்கு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும் இருந்தால் மறைப்பு ஆயிற்று. உரத்துக்குச் செலவு செய்பவர்களுக்கு இது பெரிய செலவா?

ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்கவைத்து ஐந்து நிமிடம் கழித்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். எழுப்பி நிற்கவைத்து மறுபடி பார்த்தார்கள். 118 இருந்தது 94-க்கு இறங்கியது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கவனிக்க வேண்டும். உட்காரவைத்து ஒரு தடவை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. அதனால் "எழும்போதுதான் சுத்துது" என்று நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதைக் காபியோடு விழுங்கினால் பலன் குறையும், ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும் என்றார் நர்ஸ். "காபித் தோட்டத்துல இருந்துக்கிட்டு காபி குடிக்காம எப்படிங்க?" என்று சிரித்தாராம் அந்தப் பெண். குடிக்கலாம், மாத்திரை நேரத்துக்கு மட்டும் வேண்டாம். நெல்லிக்காயோ ஆரஞ்சுப் பழமோ மாத்திரையோடு சேர்ந்தால் நல்லது.

வீட்டுக்காரருக்கும் அன்றைக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. அவர் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர். பிராஸ்டேட் வீக்கத்துக்குப் புதிதாக ஒரு மாத்திரை சேர்ந்திருந்தது. இந்த இரண்டுமே எழும்போது தலைசுற்ற வைக்கக்கூடியவை. அவரோ மிளகு பறிக்க மூங்கில் ஏணியில் ஏறுகிறவர். மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டர்தான் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார். இந்த ஆண்டு மிளகு பறிக்க வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

மருந்து அடித்த அன்றைக்கு வரும் மயக்கத்தை மட்டும் இதோடு சேர்க்கக் கூடாது. எச்சில் ஊறி, வியர்த்து, வாந்தி வந்து, பார்வை மங்கினால் அது விஷம். மருந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சுவலியோடு வரும் மயக்கம், கறுத்த மலத்தோடு வரும் மயக்கம், கர்ப்பிணிக்கு வரும் மயக்கம் இவையும் காத்திருக்கக் கூடாதவை.

இப்போது அந்தப் பெண் ஒரேயடியாக எழுவதில்லை. முதலில் நன்றாக உட்கார்ந்து, கெண்டைக்காலை நாலைந்து தடவை இறுக்கித் தளர்த்தி, பிறகு மரத்தைப் பிடித்து எழுகிறார். கண் கறுத்தால் வெட்கப்படாமல் அங்கேயே மறுபடி உட்கார்ந்துவிடுகிறார். சொந்தத் தோட்டத்தில் இன்னொன்றும் செய்தார்கள். பறிக்கும்போதே செடிக்கடியில் பழைய சாக்குகளைத் தைத்து விரித்தார்கள். சிந்தும் பழம் சாக்கில் விழுகிறது. நான்கு முனையையும் பிடித்துத் தூக்கினால் போதும். வண்டுக்காகக் காபி வாரியம் சொல்லும் யோசனைதான் அது. பொறுக்கும் வேலை பாதியாகக் குறைந்தது. தோட்டத்து மூலையில் தார்ப்பாய் மறைப்பு ஒன்றும் நிற்கிறது. அதன் பக்கத்தில் தண்ணீர்க் குடம்.