வெள்ளத்தில் நின்ற பொலிரோ

2015 நவம்பர் மழையில், சிதம்பரம் அருகே எங்கள் 2003 மாடல் பொலிரோ ஆக்சில் மூழ்க நின்றது. தண்ணீர் வடிந்ததும் நான் சாவியைத் தொடவில்லை. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், ஈரமில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயிலும் சுத்தமாக இருந்தது.

பின்பக்க கிரவுன் ஆயிலை இறக்கினால், பால் கலந்த டீ நிறம்! தண்ணீர் புகுந்ததற்கு அதுதான் அடையாளம். அப்படியே ஓட்டினால் பேரிங்கும் பல்சக்கரமும் தேய்ந்துபோகும். மூழ்கிய சம்பாவுக்கு மேலுரம் வாங்க வைத்திருந்த பணம் அதற்கே போயிருக்கும். புது ஆயில் ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, மறுபடியும் மாற்றினேன். சத்தமில்லாமல் ஓடியது.

கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் உப்புத் தண்ணீரில் வண்டியை இறக்கினால், அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். உப்பு தங்கினால் சேஸ் துருப்பிடிக்கும்.